நிதானம் வாங்கிய டிராக்டர்

பணிமனையில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது, அதையும் யாரும் வாய்விட்டுப் படித்ததில்லை. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி, ஒரு கோழி மேல்கூட ஏற்றாத மனிதர். அவர் வண்டி என்றால் ஏறி உட்கார்ந்த உடனே ஜனங்கள் காலை நீட்டிக்கொண்டு தூங்கிவிடுவார்கள். அவசரக்காரர்கள் மட்டும், "ஐயோ, நிதானம் வண்டியா?" என்று முகம் சுளித்து அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். காத்திருந்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

பணிமனை மேலாளரின் மேஜையில் ஒரு தடித்த நோட்டு உண்டு. வண்டியில் கண்ணாடி உரசினால்கூட ஓட்டுநர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம். சிலருக்குப் பக்கம் போதாமல் தாள் ஒட்டியிருக்கும். நிதானத்தின் பக்கம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. ஓய்வு பெற்ற அன்று மேலாளர் அந்தப் பக்கத்தைக் கிழித்து, மாலையோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினார் மனிதர்.

"வெறும் பேப்பருக்கு எதுக்குங்க பூட்டு?" என்று கேட்டாள் மனைவி.

மனைவியைத் தெருவே சிஸ்டரம்மா என்று கூப்பிடும். இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்சாக இருந்தவள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள், எதனால் விழுந்தான் என்பதையும் பெரும்பாலும் சரியாகச் சொல்வாள். வீட்டில் நிதானம் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். தன் பக்கம் தப்பு இருக்கும்போது மட்டும் "சிஸ்டர்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

ஓய்வுப் பணம் வந்ததும் நிதானம் ஊருக்கு வெளியே இரண்டேகால் ஏக்கர் நிலமும் அதை ஒட்டி ஓர் ஓட்டு வீடும் வாங்கினார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். விவசாயத்தில் அப்பாவுக்கு அ, ஆ தெரியாது என்பது அவள் கட்சி. அவர் சொன்ன பதில் இதுதான்: "முப்பத்தொரு வருஷமா எல்லாரையும் அவங்கவங்க இடத்துல இறக்கி விட்டுட்டேன். நான் இறங்க ஒரு இடம் வேணாமா?" மகளும் அந்தப் பேச்சை விட்டாள், கொஞ்ச நாளைக்கு.

மக்காச்சோளம் போட்டார். மண் நல்ல மண். பிரச்சினை உழவில்தான். வாடகை டிராக்டர்காரர்கள் முதலில் இருபது ஏக்கர்காரனிடம் போவார்கள், பிறகு பத்து, பிறகு ஐந்து. இரண்டேகால் ஏக்கரை யார் சீந்துவார்? "நாளைக்கு வந்துடறேன்ணே" என்று இரண்டு வாரம் இழுத்தடித்து, ஈரமெல்லாம் காய்ந்த பிறகு வந்து, மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வருடம் விதைப்பு தள்ளிப்போய் விளைச்சல் பாதியாகிவிட்டது. மூன்றாவது வருடத் தொடக்கத்தில், சொந்தமாக ஒரு சின்ன டிராக்டர், பழையதாக, வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினார் நிதானம்.

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எதிர் வீடு காலியாகிறது. வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பார், அதற்குமேல் மாட்டார். நிலத்தை விற்றுவிட்டு இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றாள். சிஸ்டரம்மாவுக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது. கதவைத் திறந்தால் எதிரில் பேரப்பிள்ளை, யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கணவர் மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பதையும் இரண்டு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"வண்டி வாங்குங்க. வேணாங்கல," என்றாள். "ஆனா எங்க வார்டுக்கு டிராக்டர் கேஸ் எத்தனை வந்திருக்குன்னு எனக்குத்தான் தெரியும். வார்டுக்கு வந்தவங்க கொடுத்து வச்சவங்க. பாதிப் பேர் நேரா பிணவறைக்குத்தான் போனாங்க."

"நான் யாரு? என்னைப் போய்…"

"இருங்க, நான் பேசி முடிக்கல. இந்த ஒரு உழவு நீங்களே பண்ணுங்க. ஒரு குறையும் இல்லாம முடிஞ்சா இங்கயே இருந்துடலாம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நிலத்த வித்துட்டு அவகிட்ட போயிடலாம். மறுபேச்சு கிடையாது."

"ஏதாவது ஒண்ணுன்னா? என்ன ஒண்ணு?"

"அத நான் சொல்றேன்."

நிதானம் சிரித்தார். பேருந்தையே பூப்போல ஓட்டியவருக்கு, இடுப்பு உயரச் சின்ன டிராக்டர் ஒரு பொருட்டா? போட்டி தொடங்கும் முன்பே ஜெயித்துவிட்ட தெம்போடு சம்மதித்தார்.

விலைக்கு இருந்த டிராக்டர் ஒரு பழத்தோட்டக்காரருடையது. மரவரிசைகளுக்கு நடுவே ஓட்ட வாங்கியது, இப்போது பெரியதாக ஒன்று வாங்கிவிட்டார். பின்னால் மண்ணைப் புரட்டும் ரோட்டவேட்டரும் சேர்த்துத்தான் விலை. நிதானமும் சிஸ்டரம்மாவும் போனபோது வண்டியைக் கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு மை பூசிப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல நிறுத்தியிருந்தார். நிதானம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"காலையில ஓட்டினீங்களா தம்பி?"

"இல்லைண்ணே. நாலு நாளா அப்படியே நிக்குது."

"நாலு நாளா நிக்கிற வண்டிக்கு ஏன் காய்ச்சல் அடிக்குது?" என்று கேட்டாள் சிஸ்டரம்மா. அவளும் கையை வைத்துப் பார்த்திருந்தாள்.

தோட்டக்காரர் அசடு வழிந்தார். நிதானம் கோபப்படவில்லை. "நாளைக்கு வரோம் தம்பி. நாங்க வர்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சூடான இன்ஜின் எல்லா இன்ஜினையும் போல நன்றாகத்தான் கிளம்பும். அதன் குணம் தெரிய வேண்டுமென்றால் குளிரில் எழுப்ப வேண்டும். பணிமனையில் காலை நாலரை மணிக்குப் பேருந்தைக் கிளப்பிய எவனுக்கும் இது தெரியும்.

மறுநாள் காலை இன்ஜின் பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினார். இரண்டு முறை முக்கி முனகி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கறுப்புப் புகை விட்டு, பிறகு தெளிந்தது. "பேட்டரி செத்துப்போச்சு, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு," என்றார். தோட்டக்காரரின் முகத்தில் உயிர் வந்தது. பேட்டரிக்காகப் பயந்துதான் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தாராம். இந்தச் சின்ன விஷயத்தை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

பிறகு நிதானம் தன் வேலையைக் காட்டினார். ஆயில் அளவுக்கம்பியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், பால் கலந்த நிறம் இல்லை, தண்ணீர் உள்ளே போகவில்லை. முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஸ்டியரிங்கில் எவ்வளவு ஆட்டம் என்று விரலால் அளந்தார். ரோட்டவேட்டரை மேலே தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வருவோம்," என்றார். டீ குடித்துத் திரும்பியபோதும் அது தூக்கிய இடத்திலேயே நின்றது. அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் தேறிவிட்டது. மீட்டர் தொள்ளாயிரம் மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. அவர் குனிந்து கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவினார். வழுவழு என்று தேய்ந்திருந்தது.

"இந்த ரப்பர் தொள்ளாயிரம் மணி நேரத்துல இப்படித் தேயாது தம்பி."

"மீட்டர் ரெண்டு வருஷமா ஓடலைண்ணே," என்று ஒப்புக்கொண்டார் தோட்டக்காரர். இனி இந்த மனிதரிடம் பாச்சா பலிக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பேட்டரிக்கும் மீட்டருக்கும் சேர்த்து விலையில் குறைத்துக்கொண்டார். நிதானம் உச்சி குளிர்ந்து, முன்பணத்துக்குச் சட்டைப் பையில் கையை விட்டார்.

"இருங்க," என்றாள் சிஸ்டரம்மா. அவள் இருக்கைக்குப் பின்னால் நின்று, இரண்டு பக்கமும் இருந்த காலி போல்ட் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க ஒரு இரும்பு வளைவு இருக்கணுமே. வண்டி கவுந்தா ஆளு நசுங்காம இருக்க வைக்கிறது. எங்க அது?"

"ரோல் பாரா? கிளையில தட்டுதுன்னு கழட்டிட்டேன்க்கா."

"கழட்டி?"

தோட்டக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக் கொல்லைப்புறத்தைக் காட்டினார். அங்கே அந்த இரும்பு வளைவை மண்ணில் ஊன்றி, அதன்மேல் அவரைக்கொடியைப் படரவிட்டிருந்தாள் அவர் மனைவி. கொடி கம்பியே தெரியாமல் மூடிக்கொண்டு, பூவும் பிஞ்சுமாக நின்றது.

"அதைத் தொடக் கூடாது," என்றாள் தோட்டக்காரரின் மனைவி. "இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு."

தோட்டக்காரர் சமாதானமாக, பட்டறையில் சொல்லி நல்ல பைப்பாக ஒன்றை வளைத்து, வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார். "அந்தப் பைப்பக் கொடிக்கு வையுங்க தம்பி," என்றாள் சிஸ்டரம்மா. "வண்டிக்கு வண்டியோட வந்ததுதான் வேணும். பாரம் தாங்குமான்னு சோதிச்சுப் பண்ணினது அது. பட்டறைப் பைப் தாங்குமான்னு யார் படுத்துப் பார்க்கறது, இவரா?"

கொடியைப் பிரித்து வேறொன்றில் ஏற்றினால் வாடிவிடும் என்று அந்தப் பெண்மணி மசியவில்லை. வண்டியை இப்போது எடுத்துப் போய், வளைவைப் பிறகு மாட்டிக்கொள்ளலாமே என்று நிதானம் மெல்ல இழுத்தார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது. ஆக, ஒரு டிராக்டர் வியாபாரம் அவரைக்காய்க்காக மூன்று வாரம் நின்றது. இரண்டு நாளைக்கு ஒருமுறை நிதானம் போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வருவார். போகும்போதெல்லாம் அந்தப் பெண்மணி ஒரு பை நிறையக் காய் பறித்துக் கொடுப்பாள். வீட்டில் அவரைக்காய் தின்று தின்று, அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்குக் குமட்டியது. ஒருவழியாகக் கொடி ஓய்ந்தது. வளைவு வந்தது.

மெக்கானிக் அதைப் பழைய துளைகளிலேயே வைத்து, கம்பெனி சொன்ன பலமுள்ள புது போல்ட் போட்டு முடுக்கினார். சீட் பெல்ட் புதிது. இன்ஜினிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சுழற்சி கொடுக்கும் தண்டின்மேல் இருந்த பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தது, அதையும் மாற்றச் சொன்னாள் சிஸ்டரம்மா. "துணி நுனி ஒண்ணு மாட்டினாப் போதும், கத்தறதுக்குள்ள கை போயிடும்," என்றாள்.

எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக், வலது காலடியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பிரேக் பெடல்களைக் காட்டினார். "இடது பெடல் இடது பின் சக்கரத்துக்கு, வலது பெடல் வலதுக்கு. வயல் முனையில சட்டுன்னு திரும்பணும்னா ஒண்ண மட்டும் மிதிக்கலாம். மத்த நேரமெல்லாம், முக்கியமா பாதையில, சரிவுல, இந்தக் கொக்கியப் போட்டு ரெண்டையும் சேர்த்துப் பூட்டிடணும். மறந்துடாதீங்கண்ணே."

"தம்பி, நான் முப்பத்தொரு வருஷம் பிரேக் மிதிச்சவன்."

"அதுக்குத்தாண்ணே சொல்றேன்," என்றார் மெக்கானிக்.

நிதானம் அதைக் காதில் போட்டுக்கொண்டாரா என்றால், போட்டுக்கொண்டார். அவர் அலட்சியக்காரர் இல்லை. முதல் மூன்று நாள் அவர் உழுத அழகைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் வண்டியைச் சுற்றி வந்து ஆயில், தண்ணீர், டயர் எல்லாம் பார்ப்பார். ஏறியதும் பெல்ட். கிழக்கே சரிந்த பகுதியில் குறுக்கே போக மாட்டார், மேலும் கீழுமாகவே உழுவார். ரோட்டவேட்டரில் வேர் சிக்கினால் சுழற்சியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், மட்கார்டில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் வருகிறேனே என்று கேட்டார். "இது ஒத்தை சீட்டு வண்டி. ஸ்டாண்டிங் டிக்கெட் கிடையாது," என்று சொல்லிவிட்டார். மண் பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது. வேலியோரம் நின்று பார்த்த சிஸ்டரம்மாவுக்கே பெருமையாக இருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

நான்காவது நாள் மதியத்துக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. மேல்பகுதியின் கடைசி முனைகள் ரொம்பக் குறுகல். கொக்கியைக் கழற்றிவிட்டு, ஒற்றைப் பெடலை மிதித்து, வண்டியைப் பம்பரமாகத் திருப்பினார். அதில் ஒரு ருசி வந்துவிட்டது அவருக்கு. முடித்ததும் ரோட்டவேட்டரைத் தூக்கி, கீழ்ப்பகுதிக்குப் போகும் மண்பாதையில் இறங்கினார். பாதைக்கு வலப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளம், இடுப்பளவு ஆழம். காற்று குளிர்ச்சியாக வீசியது. நாளையோடு உழவு முடியும், மழையும் சரியான நேரத்தில் வரும், இந்த வருடம் முதல் ஆளாக விதைப்பேன் என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

புதரிலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது.

முப்பத்தொரு வருடம் பழகிய இரண்டு கால்களும் அவரைக் கேட்கவில்லை. இடது கால் கிளட்சில் இறங்கியது. வலது கால் ஆக்சிலரேட்டரிலிருந்து நகர்ந்து, பேருந்தில் பிரேக் இருக்கும் இடத்தில் ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது வலது பெடல் மட்டும். கொக்கி போடவில்லை. வலது பின் சக்கரம் இறுகி நிற்க, வண்டி வெடுக்கென்று வலப்பக்கம், பள்ளத்தின் பக்கம் திரும்பியது. மண் சரிந்தது. முன் சக்கரம் ஒன்று விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்க, வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. பெல்ட் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நாய் போய்விட்டது.

கை தன் வேலையைச் செய்தது. இன்ஜினை அணைத்து, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கினார். அது மண்ணில் ஊன்றிக்கொண்டது. கொக்கியைப் போட்டு இரண்டு பிரேக்கையும் பூட்டினார். பெல்ட்டை அவிழ்த்து, பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாக இறங்கினார். அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் வண்டி தலைகீழ். அதை நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்தது. சுற்றிலும் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை.

பின் சக்கரங்கள் கெட்டியான மண்ணில்தான் நின்றன. ஆசுவாசப்படுத்திக்கொண்டு ஏறி, பெல்ட் போட்டு, இன்ஜினைக் கிளப்பி, ரோட்டவேட்டரைத் தூக்கி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. விளிம்பில் மட்டும் மண் பெயர்ந்து, சக்கரம் திரும்பிய தடம் வளைந்து கிடந்தது.

அடுத்து அவர் செய்ததை அவரே நம்பியிருக்க மாட்டார். வயலோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து வந்து தடத்தைச் சமப்படுத்தினார். பெயர்ந்த மண்ணை நிரவி, மிதித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி வழவழப்பாக்கினார். ஒருமுறை பணிமனையில், உரசிய பெயின்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு டிரைவரை அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார். அது நினைவுக்கு வந்தது. அப்போதும் அவர் கை நிற்கவில்லை.

ஒன்றும் ஆகவில்லையே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அடி இல்லை, உதை இல்லை, சேதம் இல்லை. ஆகாத ஒன்றை எதற்குச் சொல்வது? சொன்னால் நிலம் போய்விடும். மறுபேச்சு கிடையாது என்று சொன்னவள் அவள், சொன்னால் சொன்னதுதான்.

"முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே டீயை வைத்தாள் சிஸ்டரம்மா.

"வெயில்."

"வெயிலே இல்லையே இன்னிக்கு."

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அந்த நேரம் போன் அடித்தது. மகள்தான். மாதக் கடைசி. வீட்டுக்காரர் இன்று பதில் கேட்கிறாராம். சிஸ்டரம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "முக்கால்வாசி முடிச்சுட்டாரு. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. பாக்கப்போனா உங்கப்பா ஜெயிச்சுட்டாருன்னுதான் சொல்லணும்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, சொல்லிடலாமா? இங்கயே இருக்கோம்னு?"

அவர் கேட்க ஏங்கிய வார்த்தை இதுதான். தலையை ஆட்டினால் போதும், நிலம் அவருடையது. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும், தலை ஆட மறுத்தது. பேரப்பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டு, இவரை நம்பிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை ஏமாற்றி வாங்கி, அதன்மேல் விதைத்து என்ன அறுக்கப்போகிறார்?

"அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்னு சொல்லு," என்றார். அவள் போனை வைத்ததும் எழுந்து நின்றார். "சிஸ்டர். கொஞ்சம் என்கூட வா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். பாதையின் அந்த இடம் வந்ததும் அவர் நிற்பதற்கு முன்பே அவள் நின்றுவிட்டாள்.

"இந்த இடம் மட்டும் ஏன் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு?"

"நான்தான் தட்டி வச்சேன். தடம் தெரியக் கூடாதுன்னு."

எல்லாவற்றையும் சொன்னார். கொக்கி, நாய், வலது பெடல், தொங்கிய சக்கரம், எதையும் பூசி மெழுகவில்லை. மண்வெட்டியையும் சொன்னார், தான் உட்கார்ந்து அழுததையும் சொன்னார். மெக்கானிக் சொன்னது மறக்கவில்லை என்றும், திரும்புகிற ருசியில் கொக்கியைப் போடாமல் விட்டதாகவும் சொன்னார். சிஸ்டரம்மா பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"பெல்ட் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

"எந்தப் பக்கம் இறங்கினீங்க?"

"மேட்டுப் பக்கம்."

அவள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. "நிலத்த வித்துடலாம். நீ சொன்னது சொன்னதுதான். மறுபேச்சு பேச மாட்டேன்," என்றார்.

சிஸ்டரம்மா அவர் கையைப் பிடித்து, மணிக்கட்டில் விரலை வைத்தாள். பழக்கதோஷம். நாடி இன்னும் ஓட்டமாகத்தான் ஓடியது.

"இருபத்தெட்டு வருஷம்," என்றாள். "படுக்கையில படுத்துக்கிட்டு எல்லாரும் ஒரே பாட்டுத்தான். 'இத்தனை வருஷமா ஓட்டறேன் சிஸ்டர், ஒண்ணுமே ஆனதில்ல.' ஒருத்தருக்குமா முன்னாடி ஒரு தடவை சக்கரம் வழுக்கியிருக்காது? வழுக்கியிருக்கும். வீட்டுல சொல்லியிருக்க மாட்டாங்க, தடத்தத் தட்டி மூடியிருப்பாங்க. அடுத்த தடவைதான் என்கிட்ட வந்தாங்க." அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஒரு தப்பும் பண்ண மாட்டேன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? தப்புப் பண்ணினா என்கிட்ட சொல்வீங்களான்னு எனக்குத் தெரியாதே."

போன் திரும்பவும் அடித்தது. மகளால் ஐந்து நிமிடம் பொறுக்க முடியவில்லை. சிஸ்டரம்மா ஒரு கையால் போனை எடுத்தாள். மற்றக் கை அவர் மணிக்கட்டை விடவில்லை.

"அந்த வீட்ட வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லும்மா. நாங்க இங்கயே இருக்கோம்… இல்லல்ல, குறை இல்லாம முடியல. உங்கப்பா இன்னிக்கு வண்டியப் பள்ளத்துல விடப் பார்த்தாரு."

மறுமுனையில் மகள் போட்ட கூச்சல் நிதானத்துக்கே கேட்டது. அப்புறம் எதற்கு அங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கென்ன பைத்தியமா என்று கத்தினாள்.

"வந்து சொன்னாரும்மா," என்றாள் சிஸ்டரம்மா. "யாரும் பார்க்கல. அவரா வந்து சொன்னாரு."